நான்காவது ஓட்டம்

செப்டம்பர் 2, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் வேலையும் எழுதுவது பள்ளிக்கூடத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. இந்திராணி. வயது நாற்பத்தேழு. கோயம்புத்தூர், சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வெளியீட்டு அனுமதி அதிகாரி.

இந்த உத்தியோகம் என்னவென்று என் வீட்டுக்காரருக்கு ஒன்பது வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். புரியாத பிள்ளைகளைத் திட்டுகிற மனிதர், இதை மட்டும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார். இங்கேயாவது ஒழுங்காக எழுதிவைக்கிறேன். எங்கள் மென்பொருள் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கானது. மேற்கு மாவட்டங்களில் அறுபத்துச் சொச்சம் கூடங்களில் ஓடுகிறது. எங்கள் பிள்ளைகள் தினமும் அதில் எதையாவது திருத்துவார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் இயந்திரம் தானாகவே எடுத்து இரண்டாயிரத்து முந்நூறு சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். ஒன்று தவறினாலும் சிவப்பு. எல்லாம் தேறினால் பச்சை. பச்சையானது என் திரைக்கு வரும். நான் 'அனுமதி' பொத்தானை அழுத்தினால் பதினொரு நிமிடத்தில் எல்லாக் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். 'நிறுத்து' அழுத்தினால் போகாது.

ஆபீஸில் இதற்கு கேட் என்று பெயர். எனக்கு லெவல் கிராசிங் அம்மா என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள், நானும் சிரிப்பேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. இன்றோடு எட்டு நாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மேலாளர் மனோகர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை. கேட்டை எடுத்துவிடலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். பச்சை வந்தால் இயந்திரமே அனுப்பிவிடும், நடுவில் ஆள் எதற்கு என்று கேட்கிறார்களாம். மாதக் கடைசியில் முடிவு. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது, வேறு பிரிவில் போடுவார்கள் என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அனுப்பலாமா வேண்டாமா என்பதை ஒரு மனுஷி பார்த்துச் சொல்ல வேண்டும். ரத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது வருடம் நான் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

காலை ஐந்தரைக்குத் தண்ணீர். தொட்டி, டிரம், பக்கெட், குக்கர் வரைக்கும் பிடித்தாயிற்று. இடுப்பு போய்விட்டது.

ஆபீஸில் மாமியார் மறுபடி முரண்டு. சோதனைகளில் ஒன்றுக்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் அது. காரணமே இல்லாமல் ஏழெட்டுத் தடவைக்கு ஒரு தடவை சிவக்கும். மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும். அதைச் சரிசெய்ய யாருக்கும் நேரமில்லை. சிவந்தால் மறுபடி ஓட்டு, பச்சை வரும்வரை ஓட்டு, இதுதான் இங்கே வழக்கம். நல்ல வழக்கம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வோம்.

செப்டம்பர் 5, வியாழன்

வாராந்திரக் கூட்டம். சாதிக் ஒரு வரைபடம் காட்டினான். எங்கள் குழுவில் கெட்டிக்காரன், உடுமலைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டவன். கேட் பற்றிப் புள்ளிவிவரம் எடுக்கச் சொல்லி மனோகர் அவனிடம் கொடுத்திருக்கிறார். கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. நான் நிறுத்தியவை பூஜ்யம். ஒன்றுக்கு அனுமதி கொடுக்க நான் எடுத்துக்கொண்ட நேரம், சராசரியாக ஒன்பது வினாடி.

யாரோ பின்னால் சிரித்தார்கள். சாதிக் சிரிக்கவில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒன்பது வினாடியில் என்ன பார்க்க முடியும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அனுபவம் உள்ள கண் ஒன்பது வினாடியில் நிறையப் பார்க்கும். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

மதியம் அவன் வந்து ஏதோ பேச நின்றான். எனக்கு போன் வந்துவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. பூக்கடையில் எருக்கம்பூ மாலை சொல்லிவைத்தேன். வெல்லம், தேங்காய், அரிசி மாவு வாங்கியாயிற்று.

இன்று நான்கு வெளியீடுகள் வந்தன. மூன்றை அனுப்பினேன். மூன்று மணிக்கு வந்த சாதிக்கினுடையதை நிறுத்தினேன். பச்சையாகத்தான் வந்தது. ஆனால் சந்தேகம் இருந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. ஓட்டினேன், மாமியார் சிவப்பு. காரணப் பெட்டியில் "சோதனை தோல்வி" என்று எழுதி நிறுத்தினேன். நடைமுறை அதுதான்.

அவன் என் மேசைக்கு வந்தான். மருத்துவர் கைபேசி எண்ணை மாற்றினால் அவசரச் செய்தி பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கிறதாம், அதைச் சரிசெய்யும் திருத்தமாம். மாமியார் சிவப்பதெல்லாம் ஒரு சிவப்பா என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். இத்தனை நாள் எதையும் பார்க்காமல் அனுப்புகிறேன் என்றுதானே வரைபடம் போட்டாய், இன்றைக்குப் பார்க்கிறேன், திங்கட்கிழமை வா என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் தன் இடத்துக்குப் போய்விட்டான். மனோகரிடம் போவான் என்று நினைத்தேன், போகவில்லை.

ஆக, பூஜ்யம் இல்லை இனிமேல். ஒன்று.

செப்டம்பர் 7, சனி

கொழுக்கட்டை பதினெட்டில் நான்கு விரிந்துவிட்டன. அவர் விரிந்தவைதான் ருசி என்று சொல்லிச் சாப்பிட்டார். பகல் முழுவதும் தூக்கம்.

செப்டம்பர் 9, திங்கள்

ஒன்பது இருபதுக்கு சாதிக்கினுடையதை மறுபடி ஓட்டினேன். பச்சை. அனுப்பினேன். அவன் எதையும் மாற்றியிருக்கவில்லை.

பதினொன்றரைக்கு மனோகர் எல்லோரையும் கூப்பிட்டார். தாராபுரத்துக் கூடத்தில் சனிக்கிழமை காலை ஒரு சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏழுக்கு மேல் காட்டியிருக்கிறது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. அந்த அளவில் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். பத்து நாற்பதுக்கு மென்பொருள் மருத்துவருக்கு அவசரச் செய்தி அனுப்பிவிட்டது. மருத்துவர் போன வாரம் எண்ணை மாற்றியிருந்தார். செய்தி பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. அந்த போன் அவருடைய வீட்டு அலமாரியில் சார்ஜோடு கிடந்ததால் திரையில் 'சேர்ந்தது' என்று டிக் விழுந்துவிட்டது. டிக்கைப் பார்த்துக் கூடத்தில் சும்மா இருந்துவிட்டார்கள். ஞாயிறு காலை நோயாளி வீட்டு வாசலில் விழுந்திருக்கிறார். இதயம் நின்று, மறுபடி ஓடவைத்து, இப்போது இங்கே கோவையில் ஒரு மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது ஆண். எங்களுக்குப் பெயர் தெரியாது, நோயாளிகளின் பெயர் எங்கள் திரைக்கு வராது. அறிக்கைகளில் 'நோயாளி 1' என்று போடுவோம்.

சாதிக் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

தலைவலி. விடுப்பு எடுக்கவில்லை, எடுத்தால் தப்பாகப் படும்.

செப்டம்பர் 11, புதன்

இன்று ஆய்வுக் கூட்டம். ஏதாவது தவறு நடந்தால் இப்படி ஒன்று நடத்துவது எங்கள் வழக்கம். இதற்குச் சட்டம் ஒன்று உண்டு, சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும்: யார் என்று கேட்கக் கூடாது, எது என்று மட்டும் கேட்க வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. பழி பயம் இல்லாவிட்டால் எல்லோரும் உண்மையைச் சொல்வார்கள் என்பது அதன் நியாயம். நல்ல வழக்கம்தான். நானே புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அறிக்கையில் மூன்று வாசகங்கள். திருத்தம் வெள்ளிக்கிழமையே தயாராக இருந்தது. சோதனை தோல்வி காரணமாக வெளியீடு நடைமுறைப்படி நிறுத்தப்பட்டது. அபாய அளவு வந்தால் ஊழியர் மருத்துவரைத் தொலைபேசியிலும் அழைக்க வேண்டும் என்ற விதி கூடத்தில் பின்பற்றப்படவில்லை. மாமியாரை ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானம். சனிக்கிழமையே சொல்லியிருந்தாலும் இந்த நிலை வந்திருக்காது என்று உறுதியில்லை என மருத்துவர் ஒருவர் சொன்னாராம். அந்த வாக்கியத்தை எல்லோரும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டோம்.

கூட்டம் முடிந்து மனோகர் என்னைத் தனியாக நிறுத்தினார். இந்த விவகாரத்தில் நடைமுறைப்படி நடந்தது ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் கேட் என்றார். மேலே இருப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்களாம். இனி கேட்டை எடுக்கிற பேச்சு இருக்காது, நிம்மதியாக இருங்கள் என்று தட்டிக்கொடுத்தார்.

நிம்மதியாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

தண்ணீர் வந்தது. பிடிக்க எழுந்திருக்கவில்லை. அவரே பிடித்தார், தரையெல்லாம் ஈரம்.

செப்டம்பர் 16, திங்கள்

நோயாளி 1 சனிக்கிழமை மதியம் இறந்துவிட்டார். மனோகர் இரண்டு வரியில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மூன்று மணிக்கு ஒரு வெளியீடு வந்தது, அனுப்பினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஜெசிந்தா என்று ஒரு பெண். தாராபுரம் கூடத்தில் பதினான்கு வருடமாக ரத்தம் எடுக்கிற டெக்னீஷியன். அன்று டிக்கைப் பார்த்தவள். மென்பொருள் பொருத்தியபோது தொடர்புக்கு என்று என் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்து அழைத்தாள்.

அவளைப் பத்து நாளாக வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று மெமோ வந்திருக்கிறது. அதில் எங்கள் அறிக்கையின் மூன்றாவது வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்களாம். போனிலேயே படித்துக் காட்டினாள். பதினைந்து நாளில் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டிக்கு விழுந்துட்டா போன் பண்ண வேண்டாம், டாக்டருங்களுக்கு ரெண்டு தடவ தொந்தரவுன்னு எங்க ஆபீஸ்லயே சொல்லியிருந்தாங்க மேடம். வாயாலதான் சொன்னாங்க, எழுதிக் குடுக்கல. அன்னிக்கு டிக்கு விழுந்துச்சுன்னு மட்டும் நீங்க ஒரு லெட்டர் குடுப்பீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள்.

எங்கள் கூட்டத்தில் யார் மேலும் பழி இல்லை. அது இங்கிருந்து கிளம்பித் தாராபுரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

லெட்டர் எழுத உட்கார்ந்தேன். டிக் விழுந்தது உண்மை. அதை எழுதலாம், ஒரு பத்தி போதும். எழுதினால், திருத்தம் தயாராக இருந்தும் டிக் ஏன் தப்பாக விழுந்தது என்று கேட்பார்கள். சோதனை தோல்வி, நிறுத்தினோம் என்று மறுபடி நான் எழுத வேண்டும்.

எழுதவில்லை. பீரோவை ஒதுங்கவைத்தேன்.

அவர் காலாண்டுத் தேர்வின் செய்முறைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சும்மா கேட்பது போலக் கேட்டேன். ஒரு பையன் அமிலத்தை அளக்கிறான், மூன்று தடவை ஒரே அளவு வருகிறது, நான்காவது தடவை வேறு வருகிறது, அவன் நான்காவதை எழுதினால் எத்தனை மார்க் குறைப்பீர்கள்?

"எதுக்கு நாலாவது தடவ பண்ணினான்? மூணு ஒண்ணா வந்தா அதோட நிறுத்தணுமே."

அவனுக்கு வேறு விடை வேண்டியிருந்தது என்றேன்.

"அப்ப அது தப்பு இல்ல இந்திரா, திருட்டு" என்றார். தலையைத் தூக்காமல் அடுத்த தாளை எடுத்தார்.

செப்டம்பர் 19, வியாழன்

இந்த நோட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டு இது. செப்டம்பர் ஆறாம் தேதிப் பக்கத்தை இன்று படித்துப் பார்த்தேன். "ஓட்டினேன், மாமியார் சிவப்பு" என்று இருக்கிறது. நான் எழுதுகிற ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எழுதுகிறவள். எத்தனை தடவை ஓட்டினேன் என்பதை அன்றே பார்த்துத்தான் விட்டிருக்கிறேன்.

நான்கு தடவை. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் ஓட்டம், பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது, பச்சை. ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். திரையில் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரே பச்சை வரும்வரை ஓட்டும். நான் சிவப்பு வரும்வரை ஓட்டினேன். நான்காவதில் வந்தது. வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட முடியாது. சந்தோஷமாக இருந்தது.

சாதிக்கின் குறிப்பை நான் படித்திருந்தேன். "இரண்டு மருத்துவர்கள் இந்த வாரம் எண் மாற்றியிருக்கிறார்கள், இன்றே போவது நல்லது" என்று தமிழில் எழுதியிருந்தான். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவான், எனக்காகத்தான் தமிழில் எழுதினான் என்று நினைக்கிறேன். படித்தேன். வியாழக்கிழமை அந்த வரைபடத்தைப் பார்த்துப் பின்னால் சிரித்த சிரிப்பு காதிலேயே இருந்தது. என்னாலும் நிறுத்த முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. நிறுத்தினால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் ஒன்பது வருடமாக நம்பியிருந்தேன். அனுப்பினால்தானே ஆபத்து. நிறுத்தினால் எல்லாம் இருந்தபடி இருக்கும். இருந்தபடி இருந்ததில்தான் ஓட்டை இருந்தது. அது தெரிந்தேதான் நிறுத்தினேன்.

கோபம் இல்லை என்று ஐந்தாம் தேதி எழுதியிருக்கிறேன். இருந்தது. ஒன்பது வினாடி என்பது சரியான கணக்கு. அதனால்தான் அவ்வளவு கோபம்.

மதியம் சாதிக்கை மாடிப்படிக்கு அழைத்துப்போய்க் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. அவன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஷின் லாக்ல நாலு ரன் பதிவாகியிருக்குக்கா. அன்னிக்கே பாத்தேன்."

"மீட்டிங்ல ஏன்டா சொல்லல?"

"யாருன்னு கேக்கக் கூடாதுன்னு ரூல். அதுவும் இல்லாம, நானும் மனோகர் சார்ட்ட போயிருக்கணும். ஒரு மாடிதான். உங்கள ஏற்கெனவே சபைல வெச்சுக் கேவலப்படுத்தின மாதிரி ஆயிருச்சு, மறுபடியும் போட்டுக் குடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். எனக்கும் தூக்கம் இல்லக்கா."

மூக்கைச் சிந்திவிட்டுக் கீழே வந்தோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுதிவிட்டேன். ஒரு பக்கம். அறிக்கைக்குப் பின்னிணைப்பு. நான்கு ஓட்டங்களின் நேரமும் நிறமும், குறிப்பை நான் படித்தது, முந்தைய நாள் கூட்டம், நிறுத்தியதன் உண்மையான காரணம் கோபம் என்பது. திருத்தம் வெள்ளிக்கிழமை போயிருந்தால் செய்தி சரியான எண்ணுக்குப் போயிருக்கும், தாராபுரம் ஊழியர் திரையில் பார்த்ததை நம்பியதில் தவறில்லை என்றும் எழுதினேன். கீழே என் பெயர். மனோகரிடம் கொடுத்து, பரிசோதனைக் கூடத்துக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றேன்.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

"பேர எடுத்துருங்க இந்திரா. உங்களுக்காகச் சொல்லல. ஒரு தடவ பேர் போட்டா, அடுத்த தடவ இங்க யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. இத்தன வருசம் கட்டிக் காப்பாத்துன வழக்கம்."

"பேர் வராதுங்கிற தைரியத்துலதான் சார் நான் வாயத் திறக்காம இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு வந்த மெமோல பேர் இருக்கு."

இது போனால் வக்கீல் நோட்டீஸ் வரலாம், கேட் போய்விடும், உங்களையும் நான் காப்பாற்ற முடியாது என்றார். தெரியும் என்றேன். திங்கட்கிழமை வரை யோசியுங்கள் என்றார். அதுவும் தெரிந்த வார்த்தைதான். திங்கட்கிழமை வா என்று நானும் ஒருவனுக்குச் சொன்னேன். இன்றைக்கே அனுப்புங்கள் சார் என்று அங்கேயே நின்றேன். ஐந்து மணிக்கு மேலிடத்தில் பேசிவிட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக என் வேலை அவருக்குப் புரிந்தது. கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பில் பால் வைத்தார்.

செப்டம்பர் 23, திங்கள்

ஆபீஸில் யாரும் லெவல் கிராசிங் அம்மா என்று கூப்பிடவில்லை. வணக்கம் மேடம் என்கிறார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

மேலிடத்து முடிவு வந்தது. கேட் எடுக்கப்படுகிறது. பச்சை வந்தால் இயந்திரமே அனுப்பும். அவசரச் செய்தி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இரண்டு பேர் பார்ப்பார்கள். அதில் சாதிக் கேட்டு வாங்கிய ஒரு விதி இருக்கிறது: நிறுத்துவதானாலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், எத்தனை தடவை ஓட்டப்பட்டது என்பது எல்லோர் திரையிலும் தெரிய வேண்டும். இதுவரை அனுப்பியவனிடம்தான் கேள்வி கேட்டோம், நிறுத்தியவரிடம் கேட்டதில்லை என்று கூட்டத்தில் சொன்னான். யாரையும் பார்க்காமல் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

எனக்கு வருத்தம் என்றும் எழுத முடியவில்லை, நிம்மதி என்றும் எழுத முடியவில்லை. இயந்திரத்துக்குக் கோபம் வராது. அது எனக்கு இப்போது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பைப் படித்து, இது யாரோ ஒருவருடைய உயிர் என்று புரிந்துகொண்டு அனுப்பியிருக்கக்கூடியவள் அன்றைக்கு அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான் இருந்தேன். அதற்குத்தானே என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

விசாரணை முடியும்வரை விடுப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேசையைக் காலிசெய்தேன். அட்டைப்பெட்டி கூடத் தேவைப்படவில்லை, ஒரு துணிப்பை போதுமாக இருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

தண்ணீர் வந்தது. எல்லாப் பாத்திரத்திலும் பிடித்தேன். அவர் பள்ளிக்குப் போன பிறகு வீடு ரொம்ப அமைதி.

அக்டோபர் 4, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு ஜெசிந்தா அழைத்தாள். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம், வியாழக்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறாளாம். நான் எழுதிய பக்கத்தின் நகலை அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம் என்றேன். அந்தப் பக்கம் கூடத்தில் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது கேட்டது.

"கோவத்துலன்னு போட்டிருக்கீங்க மேடம். யார் மேலீங்க?"

கூட வேலைசெய்கிற ஒரு பையன் மேல் என்றேன். அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேட்டாள். ஒரு கணக்குக் காட்டினான், சரியான கணக்குத்தான் என்றேன்.

பிறகு அவள் பேசினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை, ரத்தம் எடுக்கிற முறையை ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அவரு பேரு கருப்பணனுங்க. மூணு வருசமா மாசாமாசம் வருவாரு. ஊசி போடறப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு, முடிஞ்சுதா பாப்பான்னு கேப்பாரு. அன்னிக்கும் கேட்டாரு."

அந்தப் பெயரை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

"உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லணும்னுதான் மேடம் கூப்பிட்டேன். நீங்க எழுதலீன்னா என் வேல போயிருக்கும். காலைலருந்து சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப வர மாட்டேங்குதுங்க."

பரவாயில்லை என்று சொல்லப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது, சொல்லவில்லை. அடுத்த ஆள் வந்துட்டாங்க மேடம் என்று போனை வைத்துவிட்டாள்.